பட்டா நம் பெயரில், குழாய் அவர்கள் பெயரில்
(திண்டுக்கல்லில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குழாய்த் திட்டங்களுக்காக நிலத்தில் உரிமை எடுக்கும் சட்டம் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, விழாக் குழுவில் ஒருவர், "நம்ம பக்கம் அந்தப் பிரச்சினை இல்லையே" என்றார். கெயில் எரிவாயுக் குழாய்க்குக் குறிக்கப்பட்ட ஏழு மாவட்டங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி. திண்டுக்கல் அதில் இல்லைதான். ஆனால் திருப்பூர் நமக்கு எல்லை மாவட்டம். கொச்சியிலிருந்து கோவை வழியாக எண்ணெய் வந்து சேரும் கரூரும் எல்லை மாவட்டம். இந்தச் சட்டத்தில் நிலத்துக்காரருக்கு உண்மையான பலம் இருப்பது தொடக்கத்தில் ஒரு சில நாட்கள்தான். நோட்டீஸ் வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் அந்த நாட்கள் படிப்பதிலேயே போய்விடும். அதனால்தான் பிரச்சினை வராத ஊரில் இதைப் பேச வந்திருக்கிறேன்.

பிறர் நிலத்தடியில் குழாய் போவது நமக்குப் புதிது அல்ல. குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காணி வாங்கிக் கிணறு வெட்டி, அங்கிருந்து இடையில் நாலு பேர் காட்டைக் கடந்து குழாய் பதித்து மேட்டுநிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஏற்பாடு இந்தச் சமவெளியில் பல ஊர்களில் உண்டு. பத்திரத்தில் வண்டிப்பாதை, வாய்க்கால் பாத்தியத்தோடு குழாய் பாத்தியத்தையும் சேர்த்து எழுதுவார்கள். அதற்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை வரும். வேறு வழியே இல்லாத அவசியத்தால் வரும். இருபது ஆண்டு தடையில்லாமல், உரிமையாகவே அனுபவித்து வந்தாலும் வரும். மூன்றிலும் அண்டை நிலத்துக்காரர் ஓர் ஆளாக நிற்கிறார். அவர் சம்மதமோ, அவருக்கும் நமக்கும் இடையிலான பாகப் பிரிவினையோ, அவருடைய நெடுநாள் மௌனமோ அதற்குத் தேவைப்படுகிறது.

1962ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி அல்ல. பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் (நில உபயோக உரிமை எடுப்பு) சட்டம் என்று இன்று அதற்குப் பெயர். கனிமம் 1977 திருத்தத்தில் சேர்ந்தது. அஸ்ஸாமில் நஹர்கட்டியாப் பகுதியில் எடுத்த கச்சா எண்ணெயைப் பீகாரின் பரௌனி சுத்திகரிப்பு ஆலை வரை குழாயில் கொண்டுபோக வேண்டியிருந்த காலம் அது. 1894 நில எடுப்புச் சட்டப்படி அந்த நெடுந்தொலைவுக்கும் நிலத்தை விலைக்கு எடுத்தால் காலமும் ஆகும், செலவும் ஆகும். குழாய் மண்ணுக்கு அடியில்தானே போகிறது, மேல்மண் விவசாயியிடமே இருக்கட்டும், நமக்கு உபயோக உரிமை மட்டும் போதும் என்று நாடாளுமன்றம் நினைத்தது. அன்றைய நிலையில் அது நியாயமான யோசனை என்றே நினைக்கிறேன். நிலத்தை மொத்தமாகப் பிடுங்குவதை விட இது மேல். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் நடைமுறை. மூன்றாம் பிரிவின்படி மத்திய அரசு, இன்னின்ன நிலத்தில் உபயோக உரிமை எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்று அரசிதழில் அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, அதற்கு எதிரே ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று மூன்று பத்தி. நம் ஆட்கள் ஏக்கரிலும் சென்ட்டிலும் நினைப்பவர்கள். 00 – 20 – 00 என்று இருந்தால் அது 20 ஏர், ஏறத்தாழ 49 சென்ட். முன்னால் உள்ள சுழியங்களைப் பார்த்து "ஏதோ கொஞ்சம்தான் போகிறது" என்று மடித்து வைத்துவிடக் கூடாது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே புலப்படத்தோடு ஒப்பிட வேண்டும். கோடு எந்த மூலையில் நுழைந்து எந்த மூலையில் வெளியேறுகிறது, கிணறு எங்கே, வீடு எங்கே என்று பென்சிலால் குறித்துப் பார்க்க வேண்டும்.

இந்த அறிவிப்பு வந்ததுமே நான்காம் பிரிவின்படி அளவை செய்யவும், மண்ணைத் துளைத்துப் பார்க்கவும் அவர்கள் நிலத்துக்குள் வரலாம். ஐந்தாம் பிரிவு நமக்கு 21 நாள் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தால், உரிய அதிகாரி நேரிலோ வழக்கறிஞர் மூலமோ நம்மைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டுவிட்டு அவர் போடும் உத்தரவு இறுதியானது. பிறகு ஆறாம் பிரிவின்படி ஒரு பிரகடனம். அது வெளியான நாளில் உபயோக உரிமை எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசிடம் போய்விடுகிறது. அரசு விரும்பினால் நிறுவனத்திடம் ஒப்படைக்கும். முதல் அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் பிரகடனம் வரவில்லை என்றால் அறிவிப்பு காலாவதி. இந்த ஓராண்டுக் கணக்கை வழக்கறிஞர்கள் மறக்காமல் பார்க்க வேண்டும்.

முன்சீப் கோர்ட்டில் தடையாணை வாங்கலாமே என்று கேட்பீர்கள். பதினான்காம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. உரிய அதிகாரி முடிவு செய்ய வேண்டிய எதிலும் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது. இழப்பீட்டுத் தொகை பற்றி மட்டும் மாவட்ட நீதிபதியிடம் போகலாம், அவர் சொல்வதும் இறுதி. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம்தான். நமக்கு அது மதுரைக் கிளை.

ஏழாம் பிரிவு விவசாயிக்குக் கிடைத்திருக்கும் கேடயம். முதல் அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம், நிரந்தரக் கட்டுமானம் நிற்கும் நிலம், வீட்டைச் சேர்ந்த புறக்கடை நிலம், இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போடக் கூடாது. தோட்டத்து வீடு, மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டிய களம் இருப்பவர்களுக்கு இது பலமான வாதம். கிணறு என்ன ஆகும்? ஒன்பதாம் பிரிவில் கட்டடம், கட்டுமானம் என்று ஒரு வரியும், குளம், கிணறு என்று தனியாக இன்னொரு வரியும் இருக்கின்றன. ஆகவே கிணறு "கட்டுமானம்" என்பதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். கல்கட்டுக் கிணறு நிரந்தரக் கட்டுமானமே என்று நாம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அடங்கலில் கிணறு ஏறியிருக்க வேண்டும், தேதியோடு படம் இருக்க வேண்டும். பல ஊர்களில் கிணறு நிலத்தில் இருக்கும், அடங்கலில் இருக்காது.

இனி ஒன்பதாம் பிரிவு. என் பேச்சின் மையம் இங்கேதான் இருக்கிறது. அறிவிப்பு நாளுக்கு முன் நிலத்தை எதற்குப் பயன்படுத்தினீர்களோ அதற்கே தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் கட்டடம் கட்டக் கூடாது. கிணறு, குளம், அணை எதுவும் தோண்டக் கூடாது. மரம் நடக் கூடாது.

காவிரிப் பாசன நெல்வயலுக்கு இந்த மூன்று தடையும் அவ்வளவு உறைக்காது. குழாய் பதித்து மண்ணை மூடினால் அடுத்த போகம் நாற்று நடலாம். திண்டுக்கல் சமவெளியில் கதை வேறு. இங்கே மானாவாரிக் காடு என்பது கிணறு வெட்டப்போகிற காடு. இன்றைக்குச் சோளம் விதைத்திருப்பவர் பத்து ஆண்டில் போர் போட்டுத் தென்னையோ முருங்கையோ வைப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த நிலத்துக்கு விலை. ரோட்டடி நிலமாக இருந்தால் மகனுக்கு ஒரு வீடு, இல்லை என்றால் ஒரு குடோன். சட்டம் அறிவிப்பு நாளன்று நிலத்தைப் படம் பிடித்து, அந்தப் படத்திலேயே அதை நிறுத்திவிடுகிறது. இனி வரப்போகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. விலை போடும்போது மட்டும், "நிலம் உன்னிடம்தானே இருக்கிறது" என்கிறது.

எவ்வளவு விலை? பத்தாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு: அறிவிப்பு நாளன்று இருந்த சந்தை மதிப்பில் பத்து சதவீதம். வெட்டிய மரம், அழிந்த பயிர், தற்காலிகமாக நிலம் துண்டுபட்டதால் வந்த நட்டம் ஆகியவற்றுக்குத் தனி இழப்பீடு உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் எதிர்காலத்துக்கு விலை அந்தப் பத்து சதவீதம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் குழாய்ப் பாதை 100 மீட்டர் நீளம் போகிறது, அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2,000 சதுர மீட்டர், அதாவது 49 சென்ட்டுக்குச் சற்று மேல். ஊரில் ஏக்கர் 20 லட்சம் போகிறது என்றால் இந்தத் துண்டின் மதிப்பு 9 லட்சத்து 88 ஆயிரம். பத்து சதவீதம் 98,800 ரூபாய். வழிகாட்டு மதிப்பு ஏக்கருக்கு 6 லட்சம்தான் என்று அதிகாரி அதை எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 30 ஆயிரத்துக்கும் குறைவு. அதே துண்டில் ஏழரை மீட்டர் இடைவெளியில் 35 தென்னை நிற்கும். இனி நிற்காது. ஒரு தென்னை நிற்கும் இடத்துக்கு, அதன் ஆயுள் முழுதுக்கும் சேர்த்து, நல்ல மதிப்பிலேயே மூவாயிரத்துக்கும் குறைவாகத்தான் விழுகிறது.

பக்கத்தில் உயரழுத்த மின்கம்பியைப் பாருங்கள். அங்கே 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துத்தான் கோபுரம் நடுகிறார்கள். சட்டம் இன்னும் பழையது. ஆனால் மத்திய மின்துறை 2015 அக்டோபரில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழ் உள்ள பாதைக்கு 15 சதவீதம் வரை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூனில் அது கோபுர இடத்துக்கு 200, பாதைக்கு 30 என்று உயர்ந்தது. மேற்கு மாவட்டங்களின் உயர்மின் கோபுரப் போராட்டம் போல நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்கு இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். குழாய்க்கான பத்து மட்டும் சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் அறுபது ஆண்டு கடந்தும் அசையவில்லை. 2013 நில எடுப்புச் சட்டம் வந்தபோது இந்தச் சட்டத்தை மற்றப் பன்னிரண்டோடு சேர்த்து நான்காம் அட்டவணையில் ஒதுக்கி வைத்தார்கள். 2015 ஆகஸ்ட் 28 ஆணை, புதிய சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணைகளை அந்த 13 சட்டங்களுக்கும் நீட்டியது. ஆகவே சதவீதம் பத்தாகவே இருந்தாலும், எதன் மீது பத்து என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்பது என் கருத்து. 2013 சட்டம் வழிகாட்டு மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்றாண்டில் நடந்த விற்பனைப் பத்திரங்களில் உயர்ந்த பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்கச் சொல்கிறது. மாவட்ட நீதிபதி முன் அந்த அளவுகோலைக் கேட்டு வாதாடுங்கள்.

கெயில் வழக்குக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் போகும் திட்டம். தமிழகத்தில் சுமார் 310 கிலோமீட்டர். 2012, 2013 வாக்கில் பொக்லைன் தோட்டத்துக்குள் இறங்கியபோதுதான் பெரும்பாலான ஊர்களில் எதிர்ப்பு வெடித்தது. உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்பு நடந்தது. 2013 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா, விளைநிலங்களை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்று அறிவித்தார். கெயில் வழக்குப் போட்டது. 2013 நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பிறகு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

பெட்ரோலியம் மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். 1962 சட்டத்தில் அறிவிப்பவரும் பிரகடனம் செய்பவரும் மத்திய அரசு. ஆட்சேபணை கேட்பவரும் அது நியமித்த அதிகாரி. அந்தச் சட்டத்துக்குள் மாநில அரசுக்கு நாற்காலி இல்லை. மாநில அரசின் பரிவு அரசியலில் பெரிது. வழக்கில் அதற்கு எடை இல்லாமல் போயிற்று. நான் அந்தத் தீர்ப்பைச் சட்டப்படி குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தெருவுக்கு வந்த நேரத்தில், சட்டம் அவர்களுக்குக் கொடுத்த 21 நாள் எப்போதோ முடிந்திருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அரசிதழ் தில்லியில் வெளியாகிறது. தோட்டத்துக்காரருக்குப் பொக்லைன்தான் அரசிதழ்.

பயமும் பொய்யான பயம் அல்ல. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து தீப்பிடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தது. நெடுஞ்சாலை ஓரம் போங்கள் என்ற கோரிக்கைக்கு எதிரான வாதமும் இங்கிருந்தே வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தாபா, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் இருக்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போது குழாயையும் நகர்த்த வேண்டியிருக்கும். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பாதையைத் தேர்வு செய்யும்போது வேறு எந்தக் கோடுகளைப் பார்த்தார்கள், ஏன் விட்டார்கள் என்பதை விவசாயிக்குச் சொல்ல இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆட்சேபணை மனுவில் அந்தக் கேள்வியை நாமே எழுப்பலாம்: என் நிலத்தின் கிழக்கெல்லையை ஒட்டி ஓடைப் புறம்போக்கு இருக்கிறதே, நடுத்தோட்டத்தில் ஏன் வருகிறீர்கள்? கோட்டை முழுக்க மாற்றச் சொல்வதை விட, இப்படிச் சில மீட்டர் நகர்த்தச் சொல்வது ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

அந்த மனுவைக் கேட்கும் அதிகாரி யார்? சட்டம், மத்திய அரசு அதிகாரம் கொடுக்கும் "எந்த நபரும்" என்கிறது. 2016 அக்டோபரில் லால்ஜிபாய் சவாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பத்து சதவீதத்தையும் தொடவில்லை. ஆனால் ஒன்று சொன்னது: உரிய அதிகாரி நம்பிக்கை ஊட்டும் ஆளாக இருக்க வேண்டும், சார்பு நீதிபதி நிலைக்குக் குறையாத நீதித்துறைப் பதவியில் இருப்பவராகவோ இருந்தவராகவோ, அல்லது சட்டம் பயின்றவராகவோ இருக்க வேண்டும். மனுவின் முதல் பக்கத்திலேயே அதிகாரியின் தகுதி என்ன என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கேரளம் வேறு வழியில் போயிற்று. 2017 இறுதியில் கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் போராட்டம் கொதித்தபோது, அந்த அரசு திட்டத்தை எதிர்க்கவில்லை, தொகையைக் கூட்டியது. பத்து சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் வைத்திருப்பவர்களுக்கு உபயோகப் பாதையை 2 மீட்டராகச் சுருக்கி, மீதியில் வீடு கட்ட வழிவிட்டு, 5 லட்சம் உதவித்தொகையும் அறிவித்தது. 2021 ஜனவரி 5 அன்று கொச்சி–மங்களூர் 450 கிலோமீட்டர் குழாய் திறக்கப்பட்டது. நம் மாநிலம் மத்திய அரசின் அதிகாரத்தோடு மோதித் தோற்றது. அவர்கள் அதை விட்டுவிட்டு ஒன்பதாம் பிரிவின் வலியைக் குறைத்தார்கள். எது மேல் என்று விவாதிக்கலாம். பத்து சென்ட்காரரைக் கேட்டால் அவர் பதில் எனக்குத் தெரியும்.

கடைசியாக நம் ஊருக்கே உரிய சில சிக்கல்கள். இங்கே பாதி நிலம் கூட்டுப் பட்டா. மீதியில் பாதி, தாத்தா பெயரில். இழப்பீட்டைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்தால் விஷயம் மாவட்ட நீதிபதிக்குப் போகும், பணம் டெபாசிட்டில் கிடக்கும். பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துவிடுங்கள். பயிர் நட்டம், பயிர் வைத்தவருக்கு உரியது. குத்தகைதாரரும் தம் பெயரில் மனுக் கொடுக்கலாம். நிலம் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த உரிமை பத்திரப் பதிவால் வருவதில்லை, அரசிதழால் வருகிறது. வில்லங்கச் சான்றில் தெரியும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வரப்பைச் சுற்றி நடந்து, "குழாய் உள்ளது, தோண்டாதீர்" என்ற அடையாளக் கல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பாதையில் ஒரு முறை உரிமை கொடுத்தால் அதே பாதையில் பின்னால் இன்னொரு குழாய் வரக்கூடும் என்பதையும் சேர்த்தே விலை பேசுங்கள். கோவை இருகூரிலிருந்து கிளம்பும் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் விவசாயிகளின் கோபம் அதுதான்.

பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறினாலே பாதித் தொல்லை தீரும். அ பதிவேட்டிலும் புலப்படத்திலும் உபயோகப் பாதையை வருவாய்த் துறை குறித்து வைக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு சுற்றறிக்கை போதும். பத்து சதவீதத்தை மாற்றத்தான் நாடாளுமன்றம் வேண்டும்.

ஐந்தாம் பிரிவு ஆட்சேபணைக்கு மாதிரி மனு ஒன்றைத் தமிழில் தயாரித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். புல எண், கிணற்றின் இடம், வீட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும். மனுவைக் கொடுத்தால் தேதி முத்திரையோடு நகல் வாங்க மறக்காதீர்கள்.